முழுகாத டிரம்

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு எங்கள் கடையில் கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்கும் அப்படித்தான். வெளியே பனி கொட்டித் தீர்த்தது. உள்ளே எண்ணெய்ப் புகை, பீர் வாடை, ஈரக் கம்பளிக் கோட்டுகளின் நாற்றம். அடுப்படியில் மாரிட் மீன் துண்டுகளை மாவில் புரட்டி எண்ணெயில் இறக்கிக்கொண்டிருந்தாள். கை ஒரு வேலை பார்த்தால் கால் வேறொரு வேலை பார்க்கும். இடது குதிகால், வலது குதிகால் என்று மாறி மாறித் தரையைத் தொட்டு எழும்பிக்கொண்டே இருக்கும். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வரும்போதும் இடது கால்தான் முதலில் வரும். "தரை தேயுதுடி" என்று நான் கத்துவேன். "சாரிக்கா" என்பாள். அந்த 'சாரி'யும் தாளத்தில்தான் விழும்.

கல்லாவுக்குப் பக்கத்து முக்காலி ஹார்லனுடையது. அறுபது பசு வைத்திருக்கும் மனுஷன். காலையில் அவர் தொழுவத்தில் கன்றுகளுக்குப் பால் புகட்டுவதும் இதே மாரிட்தான். அவர் தட்டு வந்ததும் ஆரம்பித்தார்.

"ஏம்மா, கோடை பூரா அந்த பேண்டோட சுத்தப்போறியாமே. என்ன சம்பளம் குடுப்பாங்க?"

"சம்பளமா? நாமதான் குடுக்கணும்."

"நாமளா? எவ்வளவு?"

சொன்னாள். ஹார்லன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அடிப்பாவி. அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல கறவை மாடு வாங்கலாமே."

"வாங்கலாம். மாட்டைத் தோள்ல வச்சு ஊத முடியாதே."

கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் குதிகால் நிற்கவில்லை.

ஹார்லன் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் முதலில் அது காசு கொடுத்துத் தேளைக் கொட்டவைத்துக்கொள்கிற கதையாகத்தான் பட்டது. காப்பர் ஹெரன்ஸ், செம்புக் கொக்குகள் என்று அந்தக் குழுவுக்குப் பெயர். நூற்றைம்பது பிள்ளைகள், பித்தளைக் குழல்களும் டிரம்களும் கொடிகளுமாக. மே மாதக் கடைசியில் சேர்ந்தால் ஆகஸ்ட் வரை வீட்டுப் பக்கம் வர முடியாது. ராத்திரி பஸ்ஸில் தூக்கம், மீதித் தூக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக்கூடத் தரையில். பகல் முழுக்க வெயிலில் நடந்துகொண்டே ஊதிப் பழகுவது, சாயங்காலம் ஏதோ ஓர் ஊர் மைதானத்தில் மற்றக் குழுக்களோடு போட்டி. ஓர் அடி தப்பாக வைத்தால் பின்னால் வருகிறவன் மேலே இடிப்பான். இந்தக் கஷ்டத்தைப் படுவதற்குத்தான் கட்டணம். அவள் ஊதுவது வரிசையிலேயே பெரிய குழல், ட்யூபா ஜாதி, தோளில் ஏற்றி வைத்துக்கொள்வது. ஒரு பெரிய நாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது மாதிரி. மாரிட்டோ என் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

இரண்டு வருஷம் தேர்வுக்குப் போய்த் திரும்பி வந்தாள். மூன்றாம் வருஷம் எடுத்துக்கொண்டார்கள். குறித்த தேதிக்குள் பணம் கட்ட முடியவில்லை, இடம் இன்னொருத்தருக்குப் போனது. அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் வழக்கம்போல வந்து உருளைக்கிழங்கு சீவினாள். இந்த வருஷம் மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். இருபத்தொரு வயதுக்கு மேல் ஆகாது என்பது அவர்கள் சட்டம். அவளுக்கு இருபத்தொன்று. இந்தக் கோடை விட்டால் பிறகு கிடையாது. பார்க்க ஆசைப்படலாம், பாட்டைக் கேட்கலாம், அந்த வரிசையில் நிற்க முடியாது.

அதனால்தான் காலையில் ஹார்லனின் கன்றுகள், பகலில் சீஸ் ஆலையில் பொட்டலம் கட்டுவது, வெள்ளி சனி ஞாயிறு என் அடுப்படி. நடுவில் எங்கே ஊதிப் பழகுவது? வீட்டில் முடியாது. பக்கத்து வீடு வெர்னா கால்ப். காகித ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு விடிந்து வந்து படுக்கிறவள். சுவருக்கு அந்தப் பக்கம் கப்பல் சங்கு ஊதினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? இரண்டு தடவை ஷெரீப் அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். மாரிட் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. குழலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டாள். குளிர்காலத்தில் எங்கள் பெல்லிஸ் ஏரி உறைந்து, மேலே மீன் பிடிக்கிற மரக் குடில்கள் ஒரு தெருவாகவே முளைத்துவிடும். அவளுடைய அம்மாவைக் கட்டிக்கொண்ட க்ளென்னுக்கும் அங்கே ஒரு குடில் உண்டு. அதற்குள் கேஸ் அடுப்பை மூட்டி, குழலில் விரலால் அழுத்துகிற கட்டைகள் உறைந்திருக்கும், அவற்றைச் சூடுகாட்டி இளக்கி, ஊதுவாள். மற்றக் குடில்காரர்கள் முதலில் மீன் ஓடிவிடும் என்று சண்டைக்குப் போனார்கள். பிறகு பார்த்தால் அவள் அடித்தொண்டையில் ஊதுகிறபோதுதான் மீன் நன்றாகக் கடிக்கிறது என்று ஒருவன் கிளப்பிவிட்டான். அப்புறம் "இன்னைக்கு ஏன் ஊதல?" என்று கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். மீன்பிடிக்கிறவன் பேச்சை நம்புவதும் ஒன்று, பனிக்கட்டியை நம்புவதும் ஒன்று.

என் கையில் இருந்தால் நானே கொடுத்திருப்பேன். அந்த வருஷம் பனிப் பாரம் தாங்காமல் கடைக் கூரை இறங்கி, இருந்ததெல்லாம் தச்சனுக்குப் போய்விட்டது. ஆகவே பனிப் பந்தயத்தை மறுபடி நடத்தலாம் என்று சொன்னேன்.

என் வீட்டுக்காரர் எட் இருந்த காலத்தில் வருஷா வருஷம் நடக்கும். ஓட்டை உடைசல் கார் ஒன்றை ஏரி நடுவில் பனிமேல் நிறுத்திவிடுவோம். வசந்தத்தில் பனி இளகி அது எந்த நாளில் எந்த மணிக்கு முழுகும் என்று ஆளுக்கு ஐந்து டாலர் கொடுத்துக் கடைச் சுவர்க் காலண்டரில் பெயர் எழுத வேண்டும். யார் சொன்னது ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறதோ அவருக்குப் பாதி, மறுபாதி ஏதாவது நல்ல காரியத்துக்கு. ஒரு வருஷம் காரின் மூக்கு முழுகிப் பின்பக்கம் இரண்டு நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. முழுகியதா இல்லையா என்று இரண்டு பேர் மூக்கை உடைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து எட் ஒரு விதி எழுதிச் சுவரில் ஆணியடித்தார்: பொருள் முழுக்கத் தண்ணீருக்குள் மறைய வேண்டும், தானாக மறைய வேண்டும், அதுவரை ஜாடியைத் திறக்கக் கூடாது. அப்புறம் எண்ணெய் கசிகிறது என்று காரை அரசாங்கம் தடுத்துவிட்டது, பந்தயமும் நின்றுபோனது.

"காருக்குப் பதிலா எதை வைக்கிறது?" என்றேன்.

பள்ளிக்கூடம் குப்பையில் போட்ட பழைய பெரிய டிரம் ஒன்று மாரிட்டிடம் இருந்தது. "டிரம் குழுவுக்குத்தானே காசு. டிரம்மையே வைங்க" என்றார் ஹார்லன். எல்லாரும் கைதட்டினோம். அன்றைக்குக் கடையில் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து தூண்டிலில் தக்கை கட்டி மீன் பிடிக்கிறவர்கள். ஒருத்தர், ஒரே ஒருத்தர் யோசித்திருக்கக் கூடாதா?

டிரம்முக்கு வர்ணம் பூசும் பொறுப்பு க்ளென்னுக்கு. அவன் படகு பழுதுபார்க்கிறவன். கை சுத்தமான வேலைக்காரன், வாய் மட்டும் கிடையாது. ஒரு வாரம் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தான். செம்பு நிறம், அதன்மேல் வெள்ளையில் ஒரு கொக்கு. நெருப்புப் போல மின்னியது. பனியில் இழுத்துக்கொண்டுபோய் வைத்தபோது கரையிலிருந்து பார்த்தவர்கள் எல்லாம் ஆகா என்றார்கள். க்ளென் மாரிட்டைப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினாள். அவனுக்கு அது போதும்.

ஜாடி நிறைந்தது. ஊறுகாய் முட்டை போட்டு வைக்கிற பெரிய கண்ணாடி ஜாடி. பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து காலண்டரில் எழுதினார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் வெர்னாவே உள்ளே வந்தாள். ஐந்து டாலரை மேஜைமேல் வைத்தாள்.

"மே இருபது. மத்தியானம் பன்னெண்டு" என்றாள்.

"மே மாசமா? ஏப்ரல்லயே பனி போயிடுமே வெர்னா" என்றேன்.

"தெரியும். இந்தப் பொண்ணு மே இருபதுதானே ஊரை விட்டுப் போகுது? எனக்கு அன்னைக்குத்தான் தூக்கம். அந்த நாள் பேர்ல ஒரு அஞ்சு டாலர் போனாப் போகட்டும்."

சிரிப்பில் கூரை மறுபடி இறங்கியிருக்கும். மாரிட் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவளே பேனாவை எடுத்துக் காலண்டரில் வெர்னாவின் பெயரை எழுதினாள். மே மாதப் பக்கத்தில் அந்த ஒரு பெயர்தான். அதற்கு முந்தியது ஹார்லனுடையது: ஏப்ரல் முப்பது, அதே மத்தியானம். பிடிவாதக்காரர், எல்லாரும் சொன்னதற்குப் பிறகுதான் சொல்வார்.

ஏப்ரல் நடுவில் பனி சாம்பலாகி, பிறகு கறுத்து, ஒரு நாள் மத்தியானம் தெற்குக் காற்று எழுந்ததும் ஏரி முழுக்கக் கண்ணாடி நொறுங்குகிற சத்தம். எல்லாரும் ஜன்னலில். டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "போச்சு, போச்சு" என்று ஒருவன் குதித்தான், அவனுடைய நாள். டிரம் சறுக்கித் தண்ணீருக்குள் போனது. போன வேகத்தில் மேலே வந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, கொக்குப் படம் எங்களைப் பார்க்க, சொகுசாக நின்றுகொண்டது.

கடைசியில் ஹார்லன்தான் திரும்பினார்.

"க்ளென், அதுக்கு என்னடா பூசின?"

"வார்னிஷ்."

"என்ன வார்னிஷ்?"

"படகுக்குப் பூசுறதுதான். நாலு கோட்டு."

"அதுல ஒரு காத்து ஓட்டை இருக்குமே."

"அடைச்சுட்டேன்" என்றான் க்ளென். பிறகு மெல்ல, "ஈரம் உள்ள போயிடும்ல" என்றான்.

முழுக வேண்டிய பொருளை முழுகாமல் செய்துவிட்டு, அதைப் பெருமையாகவும் சொன்ன ஒரே ஆள் இந்த மாநிலத்திலேயே எங்கள் க்ளென்தான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை. டிரம் மிதந்தது. மழையில் மிதந்தது, காற்றில் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் போய்வந்தது. காலண்டரில் ஒவ்வொரு பெயராகத் தாண்டிப் போனது. ஏப்ரல் முப்பது மத்தியானம் ஹார்லன் கையில் கடிகாரத்தோடு என் படகுத்துறையில் நின்றார். டிரம்மின்மேல் ஒரு வாத்து உட்கார்ந்திருந்தது.

ஜாடிக்குள் மாரிட்டின் பாதி இருக்கிறது. அவள் சேர்த்து ஏற்கனவே கட்டியது போக மீதிக்கு அது சரியாக வரும். ஆனால் ஜாடியைத் திறக்க முடியாது. மே பத்து சாயங்காலத்துக்குள் மீதியைக் கட்டாவிட்டால், காத்துக்கொண்டிருக்கிற ஐயோவா மாநிலத்துப் பையன் ஒருத்தனுக்கு இடம் போய்விடும் என்று குழுவிலிருந்து சொல்லிவிட்டார்கள். இதையும் மாரிட் சொல்லவில்லை. அவள் அம்மா ஜோலீன் என்னிடம் வந்து அழுதாள். "அவ ராத்திரி தூக்கத்துலயும் காலை ஆட்டிட்டே இருக்கா ஆர்லீன். எனக்குப் பாக்க முடியல."

நான் சுவரில் எட் எழுதிவைத்த விதியைப் பார்த்தேன். செத்த மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? ஊரில் பாதிப் பேர் ஜாடியைத் திற என்றார்கள். மறுபாதி, காசைத் திருப்பிக் கொடு என்றார்கள். திருப்பிக் கொடுத்தால் மாரிட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது.

மே முதல் ஞாயிறு, சர்ச் முடிந்து எல்லாரும் காபிக்கு வந்திருந்தபோது ஹார்லன் மான் வேட்டைத் துப்பாக்கியோடு வந்தார். கோட்டு, டை, கையில் துப்பாக்கி. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை; நேராகப் பின்பக்கம் படகுத்துறைக்குப் போனார். டிரம் அன்றைக்குக் கிட்டத்தில், கல்லெறி தூரத்தில் மிதந்தது. ஒரு குண்டு போதும். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம். தடுக்க ஒன்றும் போகவில்லை. நான் உட்பட எல்லாருக்கும் அவர் சுட வேண்டும் என்றுதான் இருந்தது.

"நில்லுங்க!"

மாரிட் ஏப்ரனோடு ஓடிவந்தாள். முழங்கை வரை மாவு.

"என்ன பண்றீங்க?"

"உனக்காகத்தான்மா" என்றார் ஹார்லன். "சுட்டா முழுகும். முழுகினா ஜாடியைத் திறக்கலாம். என் தேதிதான் கிட்ட. என் பாதியும் எனக்கு வேணாம், நீயே எடுத்துக்கோ. போய்ட்டு வா."

பின்னாலிருந்து "சுடுங்க ஹார்லன்" என்று இரண்டு மூன்று குரல்.

"உங்க தேதிக்குப் பின்னாடி இன்னொரு தேதி இருக்கு" என்றாள் மாரிட். "வெர்னா எழுதியிருக்காங்க."

"யாரு, அவளா? உன்மேல ரெண்டு தடவை போலீசுக்குச் சொன்னவ."

"சொன்னாங்க. தூக்கம் கெட்டா நானும்தான் சொல்லுவேன். அதுக்கும் இதுக்கும் என்ன? அவங்க அஞ்சு டாலரும் அந்த ஜாடிக்குள்ளதானே கிடக்கு. நான்தான் என் கையால பேர் எழுதினேன்."

"இருபதாந் தேதி வரைக்கும் நீ காத்திருக்க முடியாதேடி. உன் இடம் போயிடும்." இது ஜோலீன். குரல் உடைந்துவிட்டது.

மாரிட் அம்மாவைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள்.

"எங்க வரிசையில ஓடும்போது மூச்சு முட்டிடும். சில பேர் ஊதாமலே ஊதுற மாதிரி கன்னத்தை உப்பிட்டு நிப்பாங்க. மேல உக்காந்திருக்கவங்களுக்குத் தெரியாது. பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியும், ஏன்னா அந்தச் சத்தத்தையும் அவன்தான் சுமக்கணும். அப்படி ஒரு ஆளா அங்க போயி நிக்க எனக்கு வேணாம்." மூக்கை மாவுக் கையால் துடைத்துக்கொண்டாள். "போகாட்டி போகாமப் போறேன். சுடாதீங்க."

அப்போதுதான் கவனித்தேன், அவள் குதிகால்கள் அசையாமல் இருந்தன. நான்கு வருஷமாக அடுப்படியில் பார்க்கிறேன், அவள் கால் சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை. இந்தக் கடையில் முப்பது வருஷமாக எத்தனையோ வீராதி வீரர்களைப் பார்த்தாயிற்று. குடித்துவிட்டு மேஜைமேல் ஏறுகிறவர்கள், கரடியைக் கையால் அடித்தேன் என்கிறவர்கள். தன்னைப் பிடிக்காத ஒருத்தியின் ஐந்து டாலருக்காக உயிரையே வைத்திருந்ததை விட்டுக்கொடுத்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் என் மகள் இல்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

ஹார்லன் குண்டை வெளியே எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டார். "காபி ஆறிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மாரிட்டும் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் சுட்ட பணியாரத்தில் எல்லாம் உப்புக் கூடியிருந்தது. ஒருத்தரும் மிச்சம் வைக்கவில்லை.

அந்த வாரம் இழுத்த இழுப்பை என்னால் சொல்ல முடியாது. ஊரே டிரம் முழுக வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. க்ளென் தினமும் விடிந்ததும் துறையில் வந்து நின்று, தன் நாலு கோட்டு வார்னிஷைப் பார்ப்பான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வேலையை மோசமாகச் செய்திருக்கக் கூடாதா என்று நினைத்தானோ என்னவோ, முகம் அப்படித்தான் இருந்தது. மாரிட் கன்றுக்குப் பால் புகட்டினாள், சீஸ் கட்டினாள், வெர்னா ஷிப்டுக்குப் போன பிறகு என் துறையில் நின்று ஊதினாள். போகப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு நாள் விடவில்லை. "இப்ப எதுக்குடி?" என்று கேட்டேவிட்டேன். "பாடம் பாதியில நிக்குதுக்கா" என்றாள்.

மே பத்து. மத்தியானம். ஹார்லன் முக்காலியில். மாரிட் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது, வெர்னா. ஆலைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து படுக்கவே இல்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டைத் தாண்டி முள் நகர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆர்லீன், ஜாடியை எடு. நான் ஜெயிச்சுட்டேன்."

"டிரம் மிதக்குதே வெர்னா."

"மிதக்கட்டும். ஹார்லன் எழுதினது ஏப்ரல் முப்பது மத்தியானம். நான் எழுதினது மே இருபது மத்தியானம். ரெண்டுக்கும் நடு எது?"

ஹார்லன் விரல் விட்டு எண்ணினார். பாதியிலேயே வாய் திறந்துகொண்டது.

"இன்னைக்கு" என்றாள் வெர்னா. "இப்ப. இந்த நிமிஷத்துலேர்ந்து அது எப்ப முழுகினாலும் என் தேதிக்குத்தான் கிட்ட. நாளைக்கு முழுகினாலும் நான். அடுத்த வருஷம் முழுகினாலும் நான். முழுகறதுக்குக் காத்திருந்து என்ன பண்ணப்போற?"

நாற்பது பேரில் ஒருவருக்கும் தோன்றாதது. எட் எழுதிய விதியை ஒரு தடவை மனசுக்குள் படித்துப் பார்த்தேன். எட் இருந்தால் ஒரு பீரைக் குடித்துவிட்டு, இந்தப் பொம்பளை சொல்வது நியாயம்தான் என்றிருப்பார். சுத்தியலை எடுத்து விதிப் பலகையின் ஆணியைப் பிடுங்கினேன். ஜாடியை மேஜையில் கவிழ்த்தேன்.

வெர்னா தன் பாதியை இரண்டு தடவை எண்ணினாள். ஒரு காசு குறைக்கவில்லை, ஒரு காசு விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஏன் கொடுக்க வேண்டும்? அவள் ஜெயித்தாள். பையில் போட்டுக்கொண்டு போகும்போது அடுப்படி வாசலில் நின்றாள்.

"துப்பாக்கி சமாச்சாரம் ஆலை வரைக்கும் வந்துச்சு" என்றாள்.

மாரிட் கையில் வெங்காயத்தோடு, கண்ணில் தண்ணீரோடு நின்றாள். வெங்காயத்தால் என்று யாராவது நம்பினால் நம்பிக்கொள்ளட்டும்.

"இருபதாந் தேதி கட்டாயமாப் போயிடுவல்ல?"

"போயிடுவேன்."

"ம்" என்றாள் வெர்னா. "போ. நான் போய்ப் படுக்கறேன்."

கதவு சாத்தியதும் கடை வெடித்தது. ஹார்லன் எல்லாருக்கும் தன் செலவில் பீர் என்றார். அவர் தன் செலவில் ஒன்று வாங்கியதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "எப்பவும் எண்ணிட்டே இருப்பியே, இது உனக்குத் தோணலையாடி?" என்று மாரிட்டைக் கேட்டேன்.

"தோணவே இல்லக்கா" என்று விசும்பிக்கொண்டே சிரித்தாள். "நான் அடுத்த அடிக்குத்தான் எண்ணுவேன்." பிறகு பணத்தைக் கட்ட ஓடினாள். இடது காலா வலது காலா என்று நான் பார்க்கவில்லை.

இருபதாம் தேதி விடியலில் போனாள். ஜூலைக் கடைசியில் பக்கத்து மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அவர்கள் குழு வருகிறது என்று கேள்விப்பட்டு, கடையைப் பூட்டிவிட்டு ஜோலீனோடும் க்ளென்னோடும் ஆறு மணி நேரம் வண்டியில் போனேன். மேட்டுப் பெஞ்சில் இடம் பிடித்தோம். வெயில் தாழ்ந்து, புல் மினுமினுத்தது. செம்பு நிற உடுப்பில் நூற்றைம்பது பேர் ஒரு வார்த்தை இல்லாமல் மைதானத்துக்குள் நடந்து வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே இறகு, ஒரே உயரத்தில் தூக்கின ஒரே முழங்கால். பெரிய குழல்காரர்கள் பதினாறு பேர், கடைசி வரிசை. பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்; அந்தக் குள்ளியைத் தெரியாதா எனக்கு? தெரியவில்லை. தோளில் அவ்வளவு பெரிய பித்தளை ஏறிவிட்டால் நெட்டையும் குட்டையும் எங்கே தெரிகிறது?

க்ளென் தொலைநோக்கியை எடுத்துவந்திருந்தான். வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, மறுபடி அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு.

"எது நம்ம பொண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"தேடாத க்ளென்" என்றாள் ஜோலீன். "அவ போன்ல சொல்லிருக்கா. யார்னு தெரிஞ்சுட்டா அவ தப்புப் பண்ணிட்டான்னு அர்த்தமாம்."

நான் உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன், என் கண் பட்டு அவள் தெரிந்துவிடப் போகிறாளே என்று. குழல்கள் எல்லாம் ஒரே வெட்டில் மேலே போயின. சத்தம் வந்து நெஞ்சில் மோதியது. உட்கார்ந்திருந்த பலகை அதிர்ந்து முதுகெலும்பு வரை ஏறியது. பக்கத்தில் யாரோ ஒரு கிழவர் எழுந்து நின்றுவிட்டார். மைதானத்தில் நூற்றைம்பது பேர் கலைந்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்துவிடப் போகிறார்கள் என்று ஜோலீன் என் கையை இறுக்கினாள், அதற்குள் அத்தனை பேரும் ஒருவருக்குள் ஒருவர் புகுந்து வெளியே வந்து, நூல் பிடித்த மாதிரி ஒரே கோடாக நின்றார்கள். அந்தக் கோடு மைதானம் முழுக்க நீண்டு, ஊதிக்கொண்டே எங்களை நோக்கி நடந்து வந்தது. ஒரு தோள் முன்னால் இல்லை. ஒரு கால் பின்னால் இல்லை. க்ளென் தொலைநோக்கியை மடியில் இறக்கி வைத்துவிட்டு, கண்ணீரைத் துடைக்காமல், வெறும் கண்ணால் தேடிக்கொண்டிருந்தான்.